புளி போட்டுத் தேய்த்த சில்லுகள்

ஸ்காபரோவின் அஜின்கோர்ட் பகுதியில், ஒரு தமிழ்க் கடையில் பழப்புளிப் பொட்டலம் ஒன்று என் கையிலேயே கிழிந்தது. கறுத்த, புளித்த, சற்றே இனித்த அந்த மணம் விரலில் ஒட்டிக்கொண்டது. வேறு யாருக்கும் அந்த மணத்தில் ரசம் நினைவுக்கு வரும். எனக்கு வந்தது ஒரு காரின் சக்கரம், எங்கள் பேச்சில் சில்லு. ஐந்து கைகளை விரித்த அலுமினியச் சில்லு. அதன்மேல் அப்பிய புளி வெயிலில் காய்ந்து வெடித்துக் கிடக்க, அதன் முன்னால் முழங்காலில் இருந்து, செத்தவீட்டுக்காரர் போலத் தலையில் கைவைத்த என் மச்சான்.

மச்சான் என்றால் என் தங்கையின் கணவர். ஸ்காபரோவின் ஓரம், ரூஜில் வீடு. அந்த வீட்டைப் பற்றி ஒரு வசனம் போதும்: முன்வாசலில் இரண்டு வெள்ளைத் தூண்கள், இரண்டும் எதையும் தாங்கவில்லை. உள்ளே தொங்கும் கண்ணாடி விளக்கைத் துடைப்பதற்கு வாடகைக்கு ஏணி எடுக்க வேண்டும். எங்கள் ஆட்கள் இந்த நகரத்துக்கு வந்து இத்தனை வருடத்தில் ஆசையாகக் கற்றது மினுக்கத்தைத்தான். கல்யாண மண்டபத்தில் கதிரைக்குச் சட்டை போடுவார்கள். பெண் பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டுக்குக் குதிரை வண்டி கொண்டுவருவார்கள். பெப்ரவரியில், பனிச்சேற்றில், குதிரைக்கும் ஒரு பட்டுப் போர்வை. பளபளத்தால் நல்லது, பளபளக்காவிட்டால் ஊத்தை. நான் இதையெல்லாம் சிற்றிதழ்களில் எழுதிக் கிழிப்பவன். அழைப்பிதழ் வந்தால் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து கிழிப்பவன்.

அந்த வீட்டுக் கராஜுக்குள் ஆறு பனிக்காலமாக ஒரு கார் கிடந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவில் செய்த இரண்டு கதவுக் கார். நீண்ட மூக்கு, குட்டையான பின்புறம், பொனெற்றுக்குக் கீழே எட்டு சிலிண்டர் எஞ்சின். மசில் கார் என்பார்கள். அதை ஸ்ராட் பண்ணினால் பக்கத்து வீட்டு நாய் கட்டிலுக்குக் கீழே போய்விடும். பழைய இரும்புக்காரனிடம் துருவாக வாங்கி வந்ததை மச்சான் ஆணி ஆணியாகக் கழற்றி, கரும்பச்சை பூசி, எழுப்பி நிறுத்தினார். அவர் பிளாஸ்ரிக் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளர். வேலையால் வந்து, சோற்றைத் தின்றுவிட்டு, காருக்குக் கீழே போய்ப் படுத்துக்கொள்வார். லைற் பிடித்தவள் என் தங்கை. ஆறு பனிக்காலமும் அவள்தான் குந்தியிருந்து பிடித்தாள்.

"இஞ்சாலை. இன்னும் இஞ்சாலை. ஐயோ, என்ர கண்ணுக்கை அடிக்காதையும்."

காருக்குக் கீழிருந்து வரும் இந்தக் குரலுக்கு அவள் ஒரு கையால் லைற்றைத் திருப்புவாள். மற்றக் கையால் தொலைபேசியில் யாருக்கோ புட்டுக்கு மா வறுக்கும் பதம் சொல்லிக்கொண்டிருப்பாள். நான் போனால் தேத்தண்ணி குடிப்பேன். கருத்துச் சொல்வேன்.

ஒரு கோடையில் கார் முடிந்தது. அதற்கு மச்சான் போட்ட முதல் சில்லுகள் இருபது அங்குலம், குரோம். அவற்றில் முகம் பார்த்துச் சவரம் செய்யலாம். அந்தப் பெரிய வட்டத்தைச் சுற்றி ரயர் ஒரு விரல் தடிப்புத்தான் இருந்தது. மல்யுத்தக்காரனுக்குக் கொலுசு போட்டு அனுப்பிய மாதிரி ஒரு கோலம். "எப்பிடி?" என்று கேட்டார். நான் அப்போதுதான் அவர்கள் வீட்டு ஆட்டிறைச்சியைத் தின்றுவிட்டுக் கை கழுவியிருந்தேன். "நல்லாயிருக்கு" என்றேன்.

அந்தக் கோலத்தோடு நாங்கள் போன இடம் ஞாயிறு சந்திப்பு. ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் கார் நிறுத்துமிடத்தில், கோடைகால ஞாயிறு பின்னேரங்களில், பழைய கார் வைத்திருப்பவர்கள் கூடுவார்கள். பெரும்பாலும் ஓய்வு பெற்ற வெள்ளைக்காரக் கிழவர்கள். மடக்குக் கதிரை, கோப்பி, வயிறு. கோப்பிக் கடைச் சுவரோரமாக ஒரு முன்வரிசை உண்டு. தொழிற்சாலையிலிருந்து வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே திருத்தப்பட்ட கார்கள் மட்டும் அதில் நிற்கும். மற்றவை பின்னால், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில். எழுதிய சட்டம் ஒன்றும் கிடையாது. நீலத் தொப்பி போட்ட ஒரு கிழவர் கதிரையை விட்டு எழும்பி ஒரு காரைச் சுற்றி நடந்தால் அது பரீட்சை. அவர் தலையை ஆட்டினால் முன்வரிசை. அவருக்கு அந்த அதிகாரத்தை யார் கொடுத்தார்கள்? எங்கள் கோயில்களில் திரை விலகும்போது முன்னால் போய் நிற்கிறவர்களுக்கு யார் கொடுத்தார்களோ, அவர்களேதான்.

தொப்பிக்காரர் மச்சானின் காரைச் சுற்றி நடந்தார். பெயின்றை உற்றுப் பார்த்தார். எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு குனிந்தார்.

"சில்லு பிழை" என்றார் ஆங்கிலத்தில். போய்க் கதிரையில் இருந்துவிட்டார்.

மிச்சப் பின்னேரத்தைக் குப்பைத் தொட்டிகளோடு கழித்தோம். ஒருவர் வந்து, இது உன் முதலாளியின் காரா என்று மச்சானிடம் கேட்டார். மச்சான் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பைத் தெரியும். வந்த புதிதில் குடிவரவு அதிகாரியின் மேசைக்கு முன்னால் நாங்கள் எல்லோரும் சிரித்த சிரிப்பு அது. இத்தனை வருடமாகியும் வாய் அதை மறக்கவில்லை. ரூஜுக்கு வந்து கராஜ் கதவை இறக்கிய பிறகுதான் வாய் திறந்தார்.

"மச்சான், நான் உந்தக் காரை அந்த முன்வரிசையிலை நிப்பாட்டாமல் விடமாட்டன்."

"ஏன்? உவங்கள் ஆர் உனக்கு மாக்ஸ் போட?"

"உனக்கு உது விளங்காது. நீ எழுதிப்போட்டு நீயே வாசிச்சு நீயே தலையாட்டுவாய். எனக்கு வேறை ஆராவது ஒருத்தன் பாத்து, சரி எண்டு சொல்லோணும்."

சுட்டது. தங்கை கொண்டுவந்த தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன்.

அந்தப் பனிக்காலம் முழுவதும் சில்லுத் தேடல். கம்பனி இந்தக் காருக்கு இரண்டு வகை கொடுத்ததாம். ஒன்று இரும்புச் சில்லு, மேலே மூடி. மற்றது வார்த்த அலுமினியம், ஐந்து கை. மச்சான் எங்கிருந்தோ அந்தக் காலத்து விளம்பரப் புத்தகம் ஒன்றை எடுப்பித்து, சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்தார். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம்.

"மூடி போட்டதை வாங்குங்கோ. கழுவ லேசு" என்றாள் தங்கை.

"ஐஞ்சு கைதான். அதுதான் கெத்து."

"அப்ப வாங்குங்கோ. ஆனா உதிலை கையெல்லாம் சாம்பலாக் கிடக்கு. விளிம்பு மட்டும்தான் மினுங்குது."

"அது பழைய அச்சு. நிறம் செத்துப்போச்சு" என்றார் மச்சான். நானும் ஆமோதித்தேன். அச்சு விடயங்களில் நான் பண்டிதன் அல்லவா. எத்தனை சிற்றிதழ்களில் என் வரிகளே மை மங்கிச் செத்திருக்கின்றன.

பனி உருகிச் சேறாகிய நாளொன்றில் நகரத்துக்கு வெளியே ஒன்றரை மணித்தியாலம் ஓடி, ஒரு பண்ணையின் களஞ்சியத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒன்பது சில்லுகள், வைக்கோல் தூசிக்குள். யாரோ ஒரு மேதை எல்லாவற்றுக்கும் வெள்ளைப் பெயின்ற் அடித்திருந்தான். மச்சான் அளவு நாடாவை இழுத்து ஆணித் துளைகளின் தூரத்தை அளந்தார். உள்பக்கத்து ஆழத்தை அளந்தார், பிரேக்கில் முட்டக்கூடாது. சில்லுகளைச் சீமெந்து நிலத்தில் ஒவ்வொன்றாக உருட்டிவிட்டுப் பார்த்தார். நடை கோணியவை நான்கு கழிந்தன. மிச்சம் ஐந்து. நாலு பிரதானம், ஒன்று ஸ்பெயர், கணக்குச் சரி என்றார்.

தங்கை குந்தியிருந்து ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டினாள். காதைக் கிட்டக் கொண்டுபோனாள். மண்சட்டி வாங்குகிறவள் அப்படித்தான் தட்டுவாள். மூன்றாவது சில்லில் நிறுத்தினாள்.

"இது சரியில்லை. சத்தம் கீறுது."

"உது சட்டியே, தட்டிப் பாக்க?" மச்சான் பண்ணைக்காரருக்கு முன்னால் வெட்கப்பட்டார். பண்ணைக்காரர் பேசாமல் ஒரு கத்தியைக் கொண்டுவந்து அந்த இடத்துப் பெயின்றைச் சுரண்டினார். ஒரு கைக்கு அடியில் மயிர்போல வெடிப்பு ஓடியிருந்தது. வண்டியில் ஏற்றியது நாலு. திரும்பி வரும் வழியில் மச்சான் அந்த வெடிப்பைத் தானும் முதலே கண்டதாகச் சொன்னார். தங்கை வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள், வெறும் வயல்களை.

பிறகு உரித்தல். கூழ்போன்ற மருந்தைப் பூசி வைக்க, வெள்ளைப் பெயின்ற் பொங்கித் தோலாகக் கழன்று வந்தது. பிறகு கடதாசி, முரட்டுக் கடதாசி, அதைவிட மென்மையானது, அதைவிட மென்மையானது, கடைசியில் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் கடதாசி. அதன் பிறகு துணிச் சக்கரம் பூட்டிய மெசினும் பொலிஷும். அலுமினியக் கரி மச்சானின் நகத்துக்குள், மூக்குக்குள், தலையணையில். விளிம்போடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கைகளுக்கு இடையிலிருந்த பள்ளங்களைக்கூட விட்டுவைக்காமல், கோடை முழுவதும் சனி ஞாயிறுகளில் தேய்த்து, ஐந்து கைகளையும் கண்ணாடியாக்கினார். குரோமை வெறுத்து ஒரு வருடம் அலைந்து, ஒரு அலுமினியத்தைக் குரோமாக்கினார். மேலே வார்னிஷும் அடிக்கவில்லை. உலோகம் வெறும் உடம்போடு இருக்க வேண்டும் என்று எங்கோ வாசித்தாராம். நான் சொல்லியிருக்கலாம். எனக்கும் அது அழகாகத்தான் தெரிந்தது. இதை இங்கே எழுதவே கை கூசுகிறது.

செப்டெம்பர் வந்துவிட்டது. சந்திப்பின் கடைசி ஞாயிறு. அதை விட்டால் மறு கோடைவரை முன்வரிசை இல்லை. சனிக்கிழமை காலை சில்லுகளைப் பூட்டி, காரை வீட்டு முற்றத்து வெயிலில் நிறுத்திவிட்டு, மச்சான் என்னை மற்றக் காரில் ஏற்றிக்கொண்டு தேங்காயும் தேசிக்காயும் வாங்கப் போனார். புதுச் சில்லு ரோட்டில் உருளமுன் படைக்க வேண்டும் என்பது தங்கையின் கட்டளை.

நாங்கள் போன நேரம் அவள் படையலுக்காகக் குத்துவிளக்கை எடுத்து வைத்துப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்திருக்கிறாள். விளக்கு பொன்னாக வந்திருக்கிறது. தலையை நிமிர்த்தினால் முற்றத்தில் கார். சில்லெல்லாம் மச்சானின் விரலடையாளம். கையில் மிச்சப் புளி. வேறு என்ன செய்வாள்? நாலு சில்லுக்கும் வஞ்சகமில்லாமல் அப்பிவிட்டு, ஊறட்டும் என்று மோதகம் அவிக்க உள்ளே போய்விட்டாள்.

நாங்கள் வந்தபோது அது காய்ந்து வெடித்திருந்தது. மச்சான் தண்ணீர்க் குழாயைப் பிடித்து அடித்தார். புளி கழன்று வழிந்தது. அடியில் கண்ணாடி இல்லை. மழைக்கு முன் வானம்போல மங்கிய, சொரசொரத்த சாம்பல். முழங்காலில் விழுந்தார்.

"நீர் என்னத்தைப் பூசினீர்?"

"புளி."

"என்ன புளி?"

"கறிக்குப் போடுற புளி. கொஞ்சம் உப்பும். கைரேகையாக் கிடந்தது, அதுதான். விளக்குக்கு நல்லா வேலை செய்யிறது."

"அது பித்தளையப்பா. இது அலுமினியம்."

"புளிக்கு அது தெரியுமே?"

நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்புக்காக மச்சான் என்னைப் பார்த்த பார்வையை மறக்கவில்லை. அவள் சிரிக்கவில்லை. ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, துணி ஒன்றை எடுத்து வந்து அவருக்குப் பக்கத்தில் குந்தினாள். இருவரும் ஆளுக்கொரு சில்லாகப் பொலிஷ் போட்டுக் கையாலேயே தேய்த்தார்கள். சனி பொழுதுபடும் வரைக்கும், ஞாயிறு மத்தியானம் வரைக்கும் விடவில்லை. விளிம்பு மட்டும் மீண்டது. கைகளும் பள்ளங்களும் மெசின் இல்லாமல் ஆகாது. கழற்றிப் பூட்ட நேரம் இல்லை. சாம்பலாகவே விட்டார்கள். நான் மோதகத்தைத் தின்றேன்.

படையல் நடந்தது. நாலு சில்லுக்கும் அடியில் தேசிக்காய் வைத்து, தேங்காய் உடைத்து, காரின் மூக்கில் சந்தனமும் குங்குமமும் வைத்து, மூன்று பேரும் கிளம்பினோம். பிளாசாவுக்கு முந்திய சிவப்பு விளக்கில் மச்சான் இறங்கி, கடதாசியால் பொட்டைத் துடைத்தார்.

"பெயின்றுக்குக் கூடாது" என்றார். யாரும் கேட்கவில்லை.

குப்பைத் தொட்டிப் பக்கம் தானாகவே போய் நிறுத்தினார். தோற்க வந்தவர் போல இருந்தது அவர் முகம். தொப்பிக்காரர் எழும்பி வந்தார். நடந்தார். குனிந்தவர் நிமிரவில்லை; ஒரு முழங்காலை ஊன்றினார். ரயர்ப் பள்ளத்திலிருந்து நசிந்த தேசிக்காய்த் தோலைப் பிடுங்கி எடுத்து, இது என்ன என்று கேட்டார்.

"ரோட்டில் ஒட்டியிருக்கும்" என்றார் மச்சான், அழகான ஆங்கிலத்தில்.

கிழவரின் விரல் சாம்பல் கைகளில் ஒன்றின் நீளத்துக்கும் ஊர்ந்து போனது. மெதுவாகச் சொன்னார்: இருபத்திரண்டு வயதில் இதே காரைப் புதிதாக வாங்கியவன் நான். இங்கே வருகிற விசரன்கள் எல்லோரும் இந்தக் கைகளைக் கரண்டிபோல மினுக்கிக்கொண்டு வருகிறார்கள். தொழிற்சாலையிலிருந்து இது இப்படித்தான் வந்தது. சாம்பலாக. விளிம்புக்கு மட்டும்தான் பளபளப்பு. ஒருவனும் இந்தச் சாம்பலைப் பிடித்ததில்லை. எப்படிச் செய்தாய்?

தங்கை இரண்டடி தள்ளி நின்றாள். காப்புறுதி அலுவலகத்தில் இருபது வருடம் தொலைபேசிக்குப் பதில் சொன்னவள். ஆங்கிலம் எங்கள் இருவரையும்விட அவளுக்கு நன்றாக விளங்கும்.

மச்சான் குனிந்து சில்லின் விளிம்பைச் சட்டைக் கையால் துடைத்தார்.

"ஒரு ஆசிட் வாஷ்" என்றார். "என்னுடைய சொந்தக் கலவை."

கிழவர் தலையை ஆட்டினார். ஒரு வருடமாக ஒரு மனிதன் காத்திருந்த தலையாட்டல், இவ்வளவுதான், ஒரு அங்குலம் கீழே, ஒரு அங்குலம் மேலே. பிறகு என் பக்கம் திரும்பினார். இப்படி ஒரு கார் கட்டுகிறவனுக்கு லைற் பிடிக்க ஒரு ஆள் வேண்டும், அது நீதானா என்றார்.

இத்தனை நேரமும் ஏளனத்தை நாக்குக்கு அடியில் வெற்றிலைபோல அடக்கி வைத்திருந்தவன் நான். தூணைப் பார்த்துச் சிரித்தவன், குதிரையைப் பார்த்துச் சிரித்தவன், ஒரு மணித்தியாலத்துக்கு முன் பொட்டைத் துடைத்த கையைப் பார்த்து மனதுக்குள் காறித் துப்பியவன். அந்தக் கிழவர் கேட்டதும் என் தலை ஆடியது. ஓம் என்று ஆடியது. ஐம்பது வயதுத் தலை, கேள்வி முடியமுன்னமே ஆடியது.

காரை முன்வரிசைக்கு நகர்த்தினார்கள். ஒரு கிழவர் தன் காரைப் பின்னுக்கு எடுத்து இடம் கொடுத்தார். படம் எடுக்க வேண்டும் என்றார்கள். தொப்பிக்காரர் நடுவில், மச்சான் ஒரு பக்கம், நான் மறுபக்கம். தொப்பிக்காரர் தன் போனைத் தங்கையிடம் கொடுத்து, எடுக்கத் தெரியுமா என்று மரியாதையாகக் கேட்டார். தெரியும் என்றாள். மூன்று படம் எடுத்தாள். மூன்றாவதுக்கு எங்களைச் சிரிக்கச் சொன்னாள்.

திரும்பும்போது மச்சானின் வாய் ஓயவில்லை.

"கண்டியே மச்சான், முழங்காலிலை இருந்தவன். முழங்காலிலை. தன்ர நாலு சில்லையும் வசந்தத்திலை கொண்டு வாறானாம். அதே மாதிரிச் செய்து தரட்டாம். கெஞ்சாத குறை."

நான் பின்சீற்றில், முழங்கால் நாடியில் முட்ட மடிந்து கிடந்தேன். முன்னால் தங்கையின் பின்னந்தலை. அது எந்தப் பக்கமும் திரும்பவில்லை. நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். நான் குடியிருக்கும் வெக்ஸ்போர்ட் வரும்வரை ஒவ்வொரு சிக்னலிலும் ஒரு வசனத்தைத் தொடங்கினேன், பச்சை விழுந்ததும் விட்டேன்.

என் கட்டடத்துக்கு முன்னால் கார் நின்றது. இரண்டு கதவுக் கார். பின்னால் இருப்பவன் இறங்க வேண்டுமென்றால் முன்னால் இருப்பவள் இறங்கி, சீற்றை மடித்து வழிவிட வேண்டும். அவள் இறங்கினாள், மடித்தாள், நான் ஊர்ந்து வெளியே வந்தேன். அவள் திரும்ப ஏறி, கதவை இழுத்துச் சாத்தி, பெல்ற்றைப் போட்டாள். எஞ்சின் உறுமிக்கொண்டு நின்றது. மச்சான் அவள் பக்கம் சாய்ந்து, எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கேட்கும் அளவுக்கு மட்டும் குரலை இறக்கிக் கேட்டார்.

"இஞ்சேரும், அந்தப் புளிக்கு எவ்வளவு உப்புப் போட்டனீர்? எவ்வளவு நேரம் ஊற விட்டனீர்?"

அவள் பாதி திறந்திருந்த கதவுக் கண்ணாடியை முழுதாக இறக்கி என்னைப் பார்த்தாள். பதிலை அவருக்குச் சொன்னாள்.

"எனக்கு ஞாபகமில்லை. அண்ணாவைக் கேளுங்கோ. அவர்தானே லைற் பிடிச்சவர்."